குடிலின் கூரைக்கல்

என் தம்பி மனைவியின் கல்லறையில், சிலுவைக்கு நேர் கீழே, ஒரு விலங்கின் பல்வரிசை இருந்தது. ஒரு வருடம் முழுக்க அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினோம், பூ வைத்தோம், முழங்காலில் நின்று செபம் சொன்னோம். வேலை பார்த்த காலமெல்லாம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள் நான். முயலுக்கு எத்தனை பல், பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் ஏன் இல்லை என்று வகுப்பையே ராகம் போட்டு ஒப்பிக்க வைத்தவள். எனக்கும் அது கல்லாகத்தான் தெரிந்தது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும்.

முறையாகச் சொல்வதென்றால் குடிலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கே.கே. நகரில் இருக்கிறேன். தம்பி விளாங்குடியில். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். மற்ற மாதங்களில் அவன் இருக்கிற இடமே தெரியாது. டிசம்பர் பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. அவர்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது அவன் பொறுப்பு. எல்லாக் குடிலிலும் இருப்பதுதான் அதிலும் இருக்கும்: மாட்டுத் தொழுவம், வைக்கோல், குழந்தை இயேசு சுரூபம், பக்கத்தில் மண்ணால் செய்த காளையும் கழுதையும், சுற்றிலும் முளைத்த கேழ்வரகுப் பயிர். ஆனால் மற்ற கோவில்களில் மலையும் குகையும் கோணிச் சாக்கில் பசை தடவி, பிரவுன் பேப்பர் ஒட்டிச் செய்வார்கள். என் தம்பியின் குடிலில் மலை நிஜக் கல்லாக இருக்கும்.

அந்தக் கல் அவன் மனைவி கொண்டுவந்த சீதனம் என்றே சொல்லலாம். அவள் டி. கல்லுப்பட்டிப் பக்கம். அவள் அப்பாவின் கரிசல் காட்டை ஒட்டி ஒரு ஓடை போகிறது. கறுப்பு மண்ணுக்கு அடியில், ஓடை அறுத்த கரையில், வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், சுண்ணாம்பு இறுகிய கல், படிந்திருக்கும். முறுக்கிக்கொண்டு, பொந்தும் புடைப்புமாக, பார்த்தால் சின்னச் சின்னக் குகை. கல்யாணமான முதல் டிசம்பரில், அவன் சாக்கும் பசையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மலைய கோணிச் சாக்குலயா செய்வாங்க உங்க ஊர்ல? எங்க ஓடைக்கு வாங்க, மலையவே அள்ளிட்டு வரலாம்" என்றாளாம். அள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டியில், கல்லுக்கு மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து.

அந்த முதல் தடவைதான் அவள் கூரைக்கல்லைக் கண்டாள். தொழுவத்துக்கு மேலே குறுக்காக வைக்கத் தோதாக, தட்டையாக, கை அகலத்துக்குக் கரையில் துருத்திக்கொண்டிருந்தது. கடப்பாரையை அவனிடமிருந்து பிடுங்கி அவளே நெம்பியிருக்கிறாள். கல் பெயர்ந்து வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, ஓடைத் தண்ணீரில் இடுப்பளவுக்கு உட்கார்ந்துவிட்டாள். கல்லை மட்டும் மடியில் இருந்து விடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தாளாம், கரையில் நின்றவர்கள் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்க்கிற அளவுக்கு. இந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் தம்பி சொல்வான். நாங்கள் கொட்டாவி விட்டாலும் சொல்வான். அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "மதினி, ஒவ்வொரு வருஷமும் தண்ணி ஒரு அடி ஏறுது பாருங்க, இப்ப கழுத்து வரைக்கும் வந்துருச்சு" என்பாள்.

குடிலின் பேர் பரவிவிட்டது. மற்றப் பங்குகளில், அதாவது மற்றக் கோவில்களில், இருந்து இளைஞர்கள் வந்து கல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். என் தம்பிக்கு ஒளித்துவைக்கத் தெரியாது. "வாங்க மாப்ள, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று வண்டி ஏறிவிடுவான். வருடா வருடம் மழை ஓய்ந்ததும் ஓடைக்கரைக்கு ஒரு திருவிழாக் கூட்டம் போனது. அந்தக் கூரைக்கல் எடுத்த பள்ளத்தில் மட்டும் அவன் யாரையும் கைவைக்க விடமாட்டான். "அது என் பொண்டாட்டி விழுந்த இடம்" என்பான். கேலி செய்வார்கள், ஆனால் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு ஆகஸ்டில் போய்விட்டாள். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தம்பி பரணில் இருந்து கூரைக்கல்லை இறக்கினான். பல வருடத்துக் குடில்களின் பச்சைப் பெயிண்டும் பசையும் அதில் ஏறியிருந்தன. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்தான், கல்லறையின் தலைமாட்டில் சிமெண்ட் வைத்துப் பதித்தான், மேலே சுண்ணாம்பு அடித்தான். நான் பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் நடுவில் என் மகள் என்னை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டாள். அவள் இருக்கிற ஊரில் இருந்து வெகுதூரம் காரில் போய் ஒரு குகை பார்த்தோம். எனக்கு முழங்கால் வலி, குளிர் வேறு, வேண்டாவெறுப்பாகத்தான் இறங்கினேன். குகையின் கூரையில் ஒரு காலத்தில் ஓட்டை இருந்ததாம். மேலே மேய்ந்த விலங்குகள் தவறி விழுந்து, ஏற வழியில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ ஆயிரம் வருடம் குவிந்திருக்கின்றன. இன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லாத விலங்குகள் எல்லாம் அதில் உண்டு. உலகப் பாரம்பரிய இடம் என்று அதை உலகமே சேர்ந்து காக்கிறது. பூட்டிய கதவு, கம்பித் தடுப்பு, அளவான விளக்கு. வழிகாட்டி சிவந்த மூக்கோடு ஒரு பெரிய மனுஷி. மண்ணில் பாதி புதைந்து கிடந்த தாடை ஒன்றைக் காட்டி, இதை எடுத்து மேசையில் வைத்தால் இது வெறும் தாடை, இங்கே கிடக்கிற வரைக்கும்தான் இது எப்போது வாழ்ந்தது, எதோடு வாழ்ந்தது என்பது தெரியும் என்றார். மகள் காதோரம் தமிழில் சொல்லச் சொல்ல, நான் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு உறுத்தல். பள்ளிக்கூட லேப் நினைவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பினேன். அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குத் தம்பியோடு கல்லறை கழுவப் போனேன். மழை போன வருடத்துச் சுண்ணாம்பைக் கரைத்திருந்தது. கல்லின் மேல் பாசி. அவன் ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் தேங்காய் நாரால் ஒரு ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலுக்கு அடியில் வரிசையாகக் கரடு தட்டியது. குனிந்து பார்த்தேன். பிறை பிறையாக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று மடிப்புகள். போர்டில் நான் எத்தனையோ தடவை வரைந்த, அசைபோடுகிற விலங்கின் கடைவாய்ப் பல்.

"டேய், நிறுத்துடா!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கல்லறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம்பி பயந்துபோய் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"என்னக்கா, பாம்பா?"

"பல்லுடா."

அவன் என் வாயைப் பார்த்தான். எனக்குத்தான் பல் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் விஷயம் தெரிந்தது. முதல் வருடம் ஊற்றிய ஆசிட்தான் மேலே ஒட்டியிருந்த சுக்கானைக் கரைத்துப் பல்லை வெளியே கொண்டுவந்திருக்கிறது. இரண்டாவது பாட்டில் பல்லையும் தின்றிருக்கும்.

என்னிடம் படித்த ஒருத்தி இப்போது வடக்கே ஒரு ஊரில் பழங்கால விலங்குகளின் எலும்பை ஆராய்கிறாள். வகுப்பில் அடங்காதவள், அதனாலேயே மறக்கவில்லை. பல்லுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன்.

"மிஸ், அது வீட்டுத் தீப்பெட்டிதான? பெரிய சைஸ் இல்லையே?"

"சாதாரணத் தீப்பெட்டிடி."

"அப்ப இது ரொம்பப் பெரிய மாட்டுச் சாதி மிஸ். இப்ப நம்ம ஊர்ல மேயுற மாடு இல்ல. எங்க கிடைச்சுச்சு? நான் வாரேன்."

மாதக் கடைசிக்குள் வந்துவிட்டாள். தம்பி எங்கள் இருவரையும் ஓடைக்கு அழைத்துப் போனான். நிலம் இப்போது அவன் மச்சினன் கையில். அவனும் வந்து சேர்ந்துகொண்டான். மழைக்குப் பிறகு ஓடையில் கணுக்காலளவு தண்ணீர். கரையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. நீளத்துக்குக் கொத்தி எடுத்திருந்தது. எல்லாம் குடிலுக்குப் போன கல். மதுரையின் எத்தனையோ கோவில்களில் குழந்தை இயேசுவுக்கு மேலே குகையாக நின்று, பொங்கலுக்குப் பிறகு கொல்லையில் எறியப்பட்ட கல். பூட்டும் கம்பியுமாக ஆஸ்திரேலியாவில் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதைப் பார்க்கக் கூசியது. கெட்ட எண்ணத்தில் ஒருத்தரும் செய்யவில்லை, பக்தியில்தான் சுரண்டியிருக்கிறோம்.

"எலும்பு அங்கங்க இருக்கு மிஸ்," என்றாள் அவள், உடைசல்களைப் பொறுக்கிப் பார்த்தபடி. "ஆனா எல்லாம் துண்டு. நம்ம பக்கத்துல இது மாதிரி கிடைக்கிறதே அபூர்வம். எந்த மண்ணுல, எம்புட்டு ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இது எந்தக் காலத்து மாடு, அன்னைக்கு இங்க புல்லு இருந்துச்சா காடு இருந்துச்சா, மழை எப்படின்னு ஏதாச்சும் சொல்ல முடியும். வெளிநாட்டு ஆளுங்ககூட வந்து பாப்பாங்க. நீங்க படம் அனுப்புன பல்லு இருக்குற தாடைய எந்த இடத்துல எடுத்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நடந்தான். வளைவு தாண்டிப் போய் நின்று கை காட்டினான். "இங்கதான். இந்தப் பள்ளத்துல. இங்க நின்னு நெம்புனா. இங்க உக்காந்தா."

மாணவி பள்ளத்துக்குள் டார்ச் அடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் குரல் மாறியிருந்தது. சுற்றிலும் எல்லாம் கொத்திப் போயிருக்க, அந்த ஒரு இடத்தில் கரை அப்படியே நின்றது. பள்ளத்தின் உள்சுவரில் எலும்புகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற மிச்சமெல்லாம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றாள். யாரையும் தொடவிடாமல் என் தம்பி வருடக்கணக்காகக் காவல் காத்தது ஒரு புதையலை. அவன் காத்தது தன் மனைவி சிரித்த இடத்தை, அவ்வளவுதான்.

"அங்கிள், அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கு? உங்க வீட்லயா?"

"வீட்ல இல்லம்மா," என்றான் தம்பி. "அவகிட்ட இருக்கு."

நான் அனுப்பிய படத்தில் பல்லும் தீப்பெட்டியும்தான் தெரிந்தன. கல் எங்கே பதிந்திருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பாதித் தாடை சிமெண்டுக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து, அந்தப் பள்ளத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் விலங்கு இன்னதென்றும் மண் எந்தக் காலத்தது என்றும் உறுதியாகும் என்பது எனக்கே புரிந்தது. அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டும் அங்கிள். நான் வெளிய தெரியுறத மட்டும் அளவெடுத்துக்கிறேன்." திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னிடம், "மிஸ், நீங்களும் கேக்கக் கூடாது" என்றாள். நான் சரி என்றேன். எனக்குக் கேட்க வேண்டும் போல நாக்கு துடித்தது; கேட்டால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது? அவனுக்கு மிச்சமிருந்தது அந்தக் கல் ஒன்றுதான். பிள்ளைகளும் இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பி மைக் முன்னால் போய் நின்றான் என்று கேள்விப்பட்டேன். நாலு பேர் முன்னால் பேசாதவன். "இந்த வருஷம் குடிலுக்குக் கல்லு கிடையாது. எங்க மாமனார் ஓடையில இனிமே யாரும் கல்லு எடுக்க வேணாம். அது கல்லு இல்ல, எலும்பு. எல்லாரையும் கூட்டிட்டுப் போனவன் நான்தான், இப்ப வேணாம்னு சொல்றவனும் நான்தான்," என்று சொல்லி வேகமாக இறங்கிவிட்டானாம். அந்த வருடம் சாக்கிலும் பிரவுன் பேப்பரிலும் மலை செய்தான். இத்தனை வருடம் அவனோடு போய்க் கல் அள்ளிய மற்றப் பங்குக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள், இதிலும் எலும்பு இருக்குமோ என்று, கொல்லையில் கிடந்த பழைய கல்லையெல்லாம் கொண்டுவந்து அவன் வாசலில் இறக்கவும் செய்தார்கள். பால்காரர் வர வழியில்லாமல் போயிற்று. மச்சினன் ஓடைக்கரை முழுக்கக் கருவேல முள்ளை வெட்டி அடைத்துவிட்டு, "ஆடுகூட உள்ள போகாது மச்சான்" என்று போன் செய்தான். அந்த மனுஷர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. ஒருத்தர்கூட, செத்த மாட்டெலும்புக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டொரு நாளில் காலையில் தம்பியிடமிருந்து போன். "அக்கா, மாமாகிட்ட நல்ல உளி இருக்கும்ல? எடுத்துட்டு வா."

எதற்கென்று கேட்காமல் போனேன். கல்லறை முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய பழைய பூப்போட்ட நைட்டி ஒன்று மடித்து வைத்திருந்தது.

"டேய், யாரும் கேக்கலியேடா."

"கேக்கலன்னுதான் குடுக்குறேன். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்." உளியை வாங்கிக்கொண்டான். "இங்க கொண்டாந்து பதிச்சது நான்க்கா. அவ இல்ல. நாலு பேரு பாக்கணும்னுதான அவ நெம்பி எடுத்தா? சிமெண்ட வச்சு மூடுறதுக்கா எடுத்தா?"

கல்லில் உளி படாமல் சுற்றியுள்ள சிமெண்டை மட்டும் தட்டினான். வெயில் ஏறும்வரை தட்டினான். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். அவன் அழவில்லை. கல் பெயர்ந்ததும் இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு நைட்டியில் சுற்றினான்.

உரிய அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு மாணவி கோடையில் ஆட்களோடு வந்தாள். ஓடை வறண்டு கிடந்தது. அவள் சொன்னபடி தம்பிதான் கல்லைப் பள்ளத்தில் வைத்துக் காட்டினான். முன் விளிம்பு தேய்ந்திருந்தது. பின்பக்கம் மட்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அவள் படமெடுத்து முடிக்கும்வரை அவன் எதிரே ஓடை மணலில், தன் மனைவி விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். யாரும் அவனை எழுப்பவில்லை.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அந்த இடம் உலகப் பேர் வாங்குமா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. பாதுகாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது நடக்கும்போது நடக்கும். அதுவரைக்கும் கருவேல முள் இருக்கிறது, மச்சினன் இருக்கிறான். இத்தனையும் என் கண்ணால் பார்க்கக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அந்தச் சிவந்த மூக்குப் பெண்மணிக்கும்தான்.

தாடை இப்போது மாணவியின் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே ஒரு அட்டை. கிடைத்த இடம், கண்டெடுத்தவர் பெயர், கண்டெடுத்த வருடம். பெயரை என்ன போடுவது என்று அவள் கேட்டபோது, தம்பி தன் பெயரையோ மச்சினன் பெயரையோ சொல்லவில்லை.

இந்த நவம்பரிலும் கல்லறை கழுவப் போனோம். தலைமாட்டில் சிமெண்ட் பள்ளம் அப்படியே இருந்தது, மழைத் தண்ணீர் தேங்கி. பூசி மூடிவிடலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். சிலுவையில் அவள் பெயரையும் கீழே உள்ள தேதியையும் ஈரத்துணியால் துடைத்தான்.

"அவ பேரு இப்ப ரெண்டு இடத்துல இருக்குக்கா," என்றான். "இங்க அவ நம்மள விட்டுப் போன வருஷம் போட்டிருக்கு. அங்க அவ தண்ணியில உக்காந்து சிரிச்ச வருஷம் போட்டிருக்கு."